பழமொழி நடத்த எது சரி: பட்டியலா, கதையா, பாட்டியா?

போன வருஷக் காலாண்டுத் தேர்வில் ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: “என் அம்மா ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தார்.” எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, சொன்ன விஷயமும் நூற்றுக்கு நூறு உண்மை. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு போட மனசு வரவில்லை, ஏனென்றால் அதை நடத்தியவள் நான்தான். ‘சிறு பகுதியைக் கொண்டு முழுமையை அறிதல்’ என்று கரும்பலகையில் எழுதி, மூன்று முறை சொல்ல வைத்து, அடுத்ததற்குப் போயிருந்தேன். கடைசியில் அரை மார்க் போட்டேன். அந்த அரை மார்க் அவளுக்கா எனக்கா என்று இன்னும் சந்தேகம்தான்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழமொழியை எப்படி நடத்துவது என்று புதிதாக வேலைக்கு வருகிற தமிழாசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் 16 வருஷமாக அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழம்மா. ஊரில் புழக்கத்தில் இருக்கிற எல்லா முறைகளையும் ஏதாவது ஒரு வருஷம் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் செய்ய நேரம் கிடையாது. பாடத்தை முடித்துவிட்டு பழமொழிக்கென்று ஒதுக்க, மிஞ்சிப்போனால் ஆறு பீரியட் தேறும். அந்த ஆறை எதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் பட்டியல். பழமொழி, எதிரே பொருள், நாளைக்கு ஒப்புவிக்க வேண்டும். இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டது, ஆனால் பட்டியலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் விருந்தோம்பல் பற்றிய இயலில் பழமொழியை நிறைவு செய்யச் சொல்லி ஒரு பயிற்சி வருகிறது: உப்பில்லாப் பண்டம், உப்பிட்டவரை, விருந்தும், அளவுக்கு மிஞ்சினால் என்று தலையைக் கொடுத்து வாலைக் கேட்பார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இது கண் முன்னால் கிடக்கிற மார்க், அதை எடுக்க மனப்பாடத்தைவிடச் சுருக்கு வழி கிடையாது. பிரச்சினை என்னவென்றால், பிள்ளைக்கு வால் மட்டும்தான் தெரியும். ‘உப்பில்லாப் பண்டம்’ என்றால் தூக்கத்தில்கூட ‘குப்பையிலே’ என்பான், ஆனால் ஒருநாளும் தானாக அதை வாயில் எடுத்துச் சொல்ல மாட்டான்.

பட்டியல் போட்டே ஆக வேண்டும் என்றால் அகர வரிசையில் மட்டும் போடாதீர்கள். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேல் பழமொழிகள், அகர வரிசைப்படி. தேடி எடுக்க வசதி, உட்கார்ந்து வாசிக்க முடியாது. 1897-இல் டென்மார்க் மிஷனரி ஹெர்மன் ஜென்சன் போட்டது பொருள்வாரியாகப் பிரித்தது. ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது பக்கத்துப் பக்கத்தில் வரும், படிக்கிறவனுக்கு ஒரு சண்டையைக் கேட்பது போல இருக்கும். கடன் பற்றி ஐந்து, மாமியார் பற்றி ஐந்து, உழவு பற்றி ஐந்து என்று கொடுத்துப் பாருங்கள், மனப்பாடமும் சீக்கிரம் ஏறும்.

அடுத்து கதை. ஒவ்வொரு பழமொழிக்கும் ஒரு கதை சொல்லி, ‘ஆகவேதான் பிள்ளைகளே’ என்று முடிப்பது. ஆறாம் வகுப்புக்கு நல்லது. ஒன்பதாம் வகுப்பில் ‘ஒரு ஊரில்’ என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதில் பாதிப் பேருக்கு மீசை வந்துவிட்டது. இந்தக் கதைகளில் பல, பழமொழியைப் பார்த்து யாரோ பிறகு கட்டியவை என்பது கேட்கும்போதே தெரியும். அதோடு ஒரு பழமொழிக்கு ஒரு கதை என்று கட்டிவிட்டால் அது அந்தக் கதைக்குள்ளேயே கிடக்கும், பிள்ளையின் வாழ்க்கைக்குள் வராது. இதில் நான் அதிகம் மெனக்கெடுவதில்லை.

ஆங்கிலப் பழமொழியோடு ஜோடி சேர்ப்பது இன்னொரு முறை. ஒரு பீரியடுக்குக் கலகலப்பாகப் போகும். ‘டூ மெனி குக்ஸ்’ என்று ஆரம்பிக்கிற ஆங்கிலப் பழமொழி, ஆள் கூடினால் குழம்பு கெடும் என்கிறது. நம்மூரில் ஊர் கூடித் தேர் இழுக்கச் சொல்கிறார்கள். இதில் எது சரி என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். அதற்கு மேல் இழுத்தால் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகிவிடும், அதை ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

சரி, இனி வாட்ஸப் விஷயத்துக்கு வருவோம். ‘நாம் தவறாகச் சொல்லும் பழமொழிகளும் உண்மையான பொருளும்’ என்று வாரம் ஒரு முறையாவது எந்தக் குழுவிலாவது வந்து விழுகிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொண்டவனாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது, கழு என்ற கோரைப்புல்லில் பாய் தைத்தால் கற்பூர வாசனை தெரியும் என்பதாம். ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்றால் ஆ நெய், பூ நெய், அதாவது பசு நெய்யும் தேனுமாம். பல ஆசிரியர்கள் இதைத்தான் இப்போது பழமொழிப் பாடமாகவே நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது உண்மை. ‘இவ்வளவு நாள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற சுவாரசியம் 15 வயதுக்குத் தேன் மாதிரி. எனக்கும் இதில் ஒன்றை நம்ப ஆசைதான்: ‘வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை’ என்பது தப்பு, ‘வாக்குக் கற்றவனுக்கு வாத்தியார் வேலை’ என்பதுதான் சரி என்கிறார்கள். சம்பள நாளில் நம்புகிறேன், மற்ற நாளில் சந்தேகம்.

இந்தத் திருத்தங்களில் ஒன்றிரண்டு யோசிக்க வைப்பவை. மிச்சமெல்லாம் எழுத்தைப் பிரித்து விளையாடுகிற வித்தை. பழமொழி வாயால் சொல்லிக் காதால் கேட்டு வந்தது. ‘கழு தைக்க’ என்று பிரிப்பது தாளில் நடக்கும், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவன் எதற்காக, யாரிடம் அப்படிச் சொல்லியிருப்பான்? பாய் வாங்க வந்தவனிடமா? ‘ஆனைக்கு ஒரு காலம்’ என்பதில் பெரிசு சிறிசு என்கிற எதிரெதிர் நிறுத்தல்தான் உயிரே, அதை எடுத்துவிட்டு நெய்யும் தேனும் வைத்தால் அது சித்த மருத்துவக் குறிப்பு. வைத்தியரைக் கேலி செய்கிற ஒரு நல்ல நக்கல், வேர் சேகரிக்கும் அறிவுரையாகிவிட்டது. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதில் அடி என்றால் இறைவன் திருவடி என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படியே போனால், நம் முன்னோர் யாரையும் குத்திப் பேசியதே இல்லை, நாள் முழுக்க நற்சிந்தனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பிள்ளை நம்பிவிடும்.

ஆனாலும் ஒரு பீரியட் இதற்குக் கொடுக்கலாம், விசாரணையாக. ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதை எடுத்தேன். அது மண் குதிர், ஆற்று நடுவில் இருக்கிற மணல் திட்டு என்று வாட்ஸப் சொல்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று விட்டேன். ஒரு பெண் எழுந்து, “குதிருன்னா நெல்லு கொட்டி வைக்கிறதுதானே டீச்சர், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொல்வாங்களே” என்றாள். பழமொழியை வைத்தே பழமொழியை மடக்கிவிட்டாள். உடனே ஒரு பையன், “எங்க ஊர் ஐயனார் கோயில்ல மண்குதிரை நிக்குது டீச்சர், அதை ஆத்துல எறக்கினா கரைஞ்சிடும்ல, அதான் சொல்லிருக்காங்க” என்றான். பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய், அது சூளையில சுட்ட மண்ணுடா, கரையாது.” சொன்னவன் அப்பா செங்கல் சூளையில் வேலை. அப்படியானால் சுடாத மண்குதிரை எங்கே இருக்கும், குழந்தை விளையாடச் செய்ததா, என்று மணி அடிக்கும் வரை போனது. முடிவு எதுவும் வரவில்லை. வாட்ஸப்பில் வந்தால் கேள்வி கேட்கலாம் என்பது மட்டும் வந்தது, எனக்கு அது போதும்.

அப்புறம் பழமொழி நானூறு. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, பாடியவர் முன்றுறை அரையனார், 400 வெண்பா, ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. இதை மனப்பாடச் செய்யுளாக மட்டும் நடத்துவது அநியாயம், ஏனென்றால் அந்தப் பாட்டின் கட்டமைப்பிலேயே பாடம் நடத்தும் முறை இருக்கிறது: விஷயம் முதலில் வரும், பழமொழி கடைசியில் வந்து உட்காரும். நான் கடைசி அடியை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவேன்.

வழங்கலும் துய்த்தலும் தேற்றாதான் பெற்ற
முழங்கு முரசுடைச் செல்வம் தழங்கருவி
வேய்முற்றி முத்துதிரும் வெற்ப அதுவன்றோ

அடுத்தவருக்குக் கொடுக்கவும் தெரியாது, தானும் அனுபவிக்கத் தெரியாது, அப்படிப்பட்டவனிடம் முரசு முழங்குகிற அளவுக்குச் செல்வம். இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டால் பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருத்தர், “நாய் தேங்காய உருட்டுற மாதிரி” என்று சொல்லிவிடுவார்கள். மறைத்ததைத் திறந்து காட்டுவேன்: நாய்பெற்ற தெங்கம் பழம். அந்த நிமிஷம் வகுப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் தெருவில் கேட்ட பேச்சு வெண்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பதற்கும் இதே கதைதான், நுணல் என்றால் தவளை என்று சொன்ன மாத்திரத்தில் மழைக்கால ராத்திரியில் அது கத்துவதும் பாம்பு வருவதும் அவர்களே சொல்வார்கள். ஆனால் இரண்டு பாட்டு, மூன்று பாட்டு, அவ்வளவுதான். நாலாவதில் சீர் பிரிக்க ஆரம்பித்துவிடுவோம், பழமொழி காணாமல் போய்விடும்.

கடைசியாகச் சேகரிப்பு. பாட்டியிடம் அனுப்புவது. இதில் நான் முதல் வருஷம் வாங்கிய அடியை மறக்க முடியாது. ‘வீட்டுப் பெரியவர்களிடம் பத்துப் பழமொழி கேட்டு எழுதி வரவும்’ என்றேன். நாற்பது நோட்டு வந்தது. முப்பது நோட்டில் முதல் பழமொழி ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’, இரண்டாவது ‘அகல உழுவதை விட ஆழ உழு’, மூன்றாவது ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’. பத்தும் ‘அ’வில் முடிந்துவிட்டது. இணையத்தில் எடுத்தது. ஊரில் இருக்கிற எல்லாப் பாட்டியும் அகர வரிசைப்படி பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு விசாரித்ததில், உண்மையாகவே கேட்ட பிள்ளைகளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. “பழமொழியா? நமக்கு என்னடி தெரியும், நான் என்ன படிச்சவளா” என்றிருக்கிறார்கள். அப்படிச் சொன்ன ஆயா நாள் முழுக்க வாயைத் திறந்தால் பழமொழிதான் பேசும், கேட்டால் ஒன்று வராது. அதை நினைத்தபோதுதான் தொல்காப்பியத்தின் வரி உறைத்தது. கல்லூரியில் மனப்பாடம் செய்து, அதோடு விட்டுவிட்ட வரி. ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறார். ஏதோ ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை முடித்து வைக்கக் காரணமாக வந்து விழுவது பழமொழி. பேச்சே இல்லாமல் பழமொழி மட்டும் கொடு என்றால் ஆயா எங்கே போகும்? நான் கரும்பலகையில் செய்ததும் அதேதான், பேச்சு இல்லாமல் பழமொழியை மட்டும் எழுதிப் போட்டேன். அந்தப் பெண் அம்மாவையும் பானையையும் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

அதனால் வேலையை மாற்றினேன். ‘பழமொழி’ என்று கேட்காதே, எங்கள் பக்கத்தில் சொலவடை என்பார்கள், சில வீடுகளில் சொலவம், அதையும் கேட்காதே. மூன்று நாள் காதைத் திறந்து வை. ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். ஒரு தாளில் நாலு வரி: யார் சொன்னது, யாரிடம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, கேட்டவர் பதிலுக்கு என்ன செய்தார்.

ஒரு பையன் கொண்டுவந்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. சொன்னது தாத்தா, அப்பாவிடம். பருத்தி விற்ற அன்றைக்கு ராத்திரி அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், விதை, உரம், மருந்து, எடுப்புக் கூலி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தாத்தா சொன்னது: “உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது.” நாலாவது வரியில் பையன் எழுதியிருந்தான்: “அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.” வகுப்பில் வாசித்தபோது சத்தமே இல்லை. உழக்கு என்றால் எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள், கால் படி என்றேன், படி என்றால் எவ்வளவு என்றார்கள், சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பழைய படியை வாங்கி வந்து காட்டினோம். இந்தப் பழமொழிக்குப் பொருள் எழுதிப் போட வேண்டிய தேவையே வரவில்லை.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. காதைத் திறந்து வை என்றால் எல்லாமும்தான் விழும். சாதிப் பெயரோடு வரும். ஊனத்தைக் கேலி செய்து வரும். ‘பொம்பளை புத்தி பின் புத்தி’ எப்படியும் வரும். ஒரு பெண் அதைக் கொண்டுவந்து, நாலாவது வரியில் “நான், போ பாட்டி என்று சொன்னேன்” என எழுதியிருந்தாள், அதை அவளைவிட்டே வாசிக்கச் சொன்னேன். சாதி வருவது வேறு. அதைப் பத்து சாதிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் சத்தமாக வாசித்தால், ‘பார்த்தாயா, இதெல்லாம் தப்பு’ என்று பிறகு நான் பேசுவதற்குள் அது ஒரு பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கும். எனவே தாள் முதலில் என் கைக்கு வர வேண்டும், நான் பார்க்காமல் யாரும் வாசிக்கக் கூடாது என்பது கறாரான விதி. அப்படி வந்ததை எழுதிய பிள்ளையோடு தனியாகப் பேசுவேன், திட்ட மாட்டேன், அவன் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான்.

‘அடியாத மாடு படியாது’ இன்னொரு வகை. ஒரு பையன் எழுதினான்: சொன்னது அம்மா, யாரிடம் என்றால் உங்களிடம் டீச்சர், பெற்றோர் கூட்டத்தில். உண்மைதான், “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க” என்றும் சேர்த்துச் சொன்னார். நான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பற்றி வகுப்பில் சொன்னேன், பிள்ளையை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று. பழமொழி பழசு, சட்டம் புதுசு, எது நிற்கும் என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி.

தாள்கள் சேர்ந்த பிறகு, ஒன்றோடு ஒன்று மோதுகிறவற்றை எடுத்து நிறுத்துவேன். பத்தாவது முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா? ஒரு குழு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்கிறது, இன்னொரு குழு ‘பதறாத காரியம் சிதறாது’ என்கிறது, ‘அகலக்கால் வைக்காதே’ என்று ஒருவன் ஃபீஸைப் பற்றிப் பேசுகிறான், ‘துணிந்தவனுக்குத் துக்கமில்லை’ என்று இன்னொருவன். மனப்பாடப் பட்டியல் இங்கேதான் உதவுகிறது என்பதைக் கவனித்தேன். கையில் சரக்கு இருக்கிறவன்தான் இந்தச் சண்டையில் ஜெயிக்கிறான், அடுத்த நாளுக்குள் தோற்ற குழு தானாகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வருகிறது.

ஆக, ஆறு பீரியடில் என் கணக்கு இது. முதல் பீரியட், பழமொழி நானூற்றில் இரண்டு பாட்டு, கடைசி அடியை மறைத்து. அதன் முடிவில் தாள் கொடுத்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து இரண்டு பீரியட் தாள் வாசிப்பு, ஒன்று மோதல், ஒன்று வாட்ஸப் விசாரணை. ஆறாவது பீரியட் பட்டியல், அதுவும் பரீட்சைக்கு முந்தின வாரம், பொருள்வாரியாகப் பிரித்து. பத்தாம் வகுப்பில் ஜனவரிக்கு மேல் வந்து, ஒரு மாதத்தில் பிள்ளைகளைப் பாஸ் செய்ய வைக்க வேண்டும் என்று யாராவது உங்கள் தலையில் கட்டினால் மட்டும் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பட்டியலைக் கொடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன்.

நானே போடுகிற வகுப்புத் தேர்வில் கேள்வியையும் மாற்றிவிட்டேன். ‘வாக்கியத்தில் அமைக்க’ என்பதற்குப் பதிலாக ‘இதை யார், யாரிடம், எப்போது சொல்வார்?’ என்று கேட்கிறேன். அதே ஒரு பானை சோற்றுக்கு, இந்த வருஷம் ஒருத்தி எழுதியது: வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம், அடுப்படிக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது, அம்மா அப்பாவிடம் சொன்னார், நாங்கள் மாடியைப் பார்க்கவே இல்லை.

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள்தான் எனக்கு இன்னும் குறை. அவர்களுக்கு மூன்று நாள் கேட்கப் பாட்டி இல்லை. இந்த வருஷம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டதை எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். முதல் தாள் வந்துவிட்டது. பழமொழி: கடன் அன்பை முறிக்கும். யார் சொன்னது: டீக்கடை போர்டு. யாரிடம்: எல்லோரிடமும். கேட்டவர் பதிலுக்கு என்ன செய்தார்: “ரெண்டு வடையும் சேத்து எழுதிக்கோண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.